அடைத்தவரும் இரங்குகிறவரும்: ரோமர் 11:32 குறித்து ஒரு விளக்கம்

கொடைரோடு புகைவண்டி நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கே திரும்பி மலைக்கு ஏறிச் சென்றுவிடுகின்றனர். சமவெளியில் நின்று பார்ப்பவர் சிலரே. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், இடையே பன்னீர்த் திராட்சைப் பந்தல்களும் பூந்தோட்டங்களும் கொண்ட இந்நிலத்தில், கூலிவேலை செய்து பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஒரு சிற்றூர்ச் சபை உண்டு. அதன் பெயர் இங்கு வேண்டா. சென்ற தவக்காலத்தில் அச்சபையில் ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தைக் குறித்து அருளுரை ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. எல்லாரும் கீழ்ப்படியாதவர்களே என்றும், ஆயினும் கடவுள் எல்லார்மேலும் இரங்கச் சித்தங்கொண்டார் என்றும் விரித்துரைத்தோம். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வேலைக்குச் செல்லும் முதிய தாயார் ஒருவர் நம்மை அணுகினார்.

"ஐயா, எல்லாருக்கும் இரக்கம்னு சொன்னீங்க. என் வீட்டுக்காரரைப் புதைக்க மேலப்பக்கத்துக் கேட்டைத் திறக்க மாட்டேன்னாங்களே, அவங்களுக்கும் அதே இரக்கந்தானா?"

அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உள்ளது. அது எதற்காக நிற்கிறது என்பதைத் தமிழ்நாட்டுத் திருச்சபையில் ஊழியம் செய்யும் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் அந்தத் தாயாரிடம், அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனத்தைச் சுட்டி, கடவுளின் வழிகள் நம்மால் ஆராய்ந்து முடிக்கத்தக்கவை அல்ல என்று கூறிச் சமாளித்தோம். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். வீடு திரும்பும் வழியில்தான் நமது தவறு நமக்குப் புலப்பட்டது. பவுல் அடிகள் அந்த வியப்புரையை மூன்று அதிகாரங்கள் போராடிய பின்னரே சொல்லுகிறார். நாமோ போராடாமல் தப்பித்துக்கொள்வதற்காக அதனைப் பயன்படுத்தினோம். எனவே அன்று சொல்லத் தவறியதை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

முதலாவது சொற்களைக் கவனிப்போம். "கீழ்ப்படியாமை" என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல் "அபெய்தெயா" என்பது. இணங்கச் செய்தல், நம்பவைத்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது அது. ஆகவே அதன் அடிப்படைப் பொருள் வெறும் கட்டளை மீறல் அன்று. எவ்வளவு எடுத்துச் சொல்லியும் இணங்க மறுக்கும் நிலை ஆகும். சட்டத்தை அறியாமல் தவறியவனைக் குறித்து இச்சொல் பேசவில்லை. கேட்டவன், புரிந்துகொண்டவன், ஆயினும் அசையாதவன் ஆகியோரைக் குறித்தே பேசுகிறது. இதனை மனத்திற்கொண்டால், திருச்சபைக்கு வெளியே உள்ளவர்களைக் காட்டிலும் வாரந்தோறும் அருளுரை கேட்கும் நமக்கே இச்சொல் நெருக்கமானது என்பது விளங்கும்.

அடுத்த சொல் "அடைத்துப்போட்டார்" என்பது. இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் உள்ளத்தில் சிறைச்சாலை தோன்றுகிறது; பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பதும் தோன்றுகிறது. கடவுளே மனிதரைக் கீழ்ப்படியாமைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாரோ என்ற ஐயம் இதனால் எழுகிறது. ஆனால் இதே கிரேக்க வினை லூக்கா 5:6-இல் வருகிறது. அங்கே பேதுருவும் தோழரும் இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாத பின், ஆண்டவரின் சொற்படி வலையை இறக்கி, வலை கிழியத்தக்க அளவு மீன்களை வளைத்துப் பிடிக்கின்றனர். வளைத்துச் சேர்த்துப் பிடித்தல் என்பதற்கும் அடைத்தல் என்பதற்கும் அந்த ஒரே வினைதான். கலாத்தியர் 3:22-லும் அதுவே வருகிறது. அங்கே எல்லாம் பாவத்தின்கீழ் அடைக்கப்பட்டதன் நோக்கம் வாக்குத்தத்தம் விசுவாசத்தினால் கிடைப்பதே என்று அடிகள் கூறுகிறார். மீனை வலை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே நீந்திக்கொண்டிருக்கும் மீன்களை ஒன்றாகச் சேர்ப்பதே அதன் வேலை. அவ்வாறே கீழ்ப்படியாமையைக் கடவுள் படைக்கவில்லை. இவன் யூதன், இவன் புறவினத்தான், இவன் முன்னே வந்தவன், இவன் பின்னே வந்தவன் என்று தனித்தனியே நீந்தியவர்களை அவர் ஒரே வலையில் காட்டுகிறார். வலைக்குள் எந்த மீனும் தான் வெளியே நிற்பதாகச் சொல்ல இயலாது. உவமையை இதற்கு மேல் இழுப்பது தகாது. வலையில் அகப்பட்ட மீனின் கதி நாமறிந்ததே.

"எல்லாரும்" என்பது யார் என்ற வினா அடுத்து எழுகிறது. இவ்வசனத்தைத் தனியே பிரித்தெடுத்து, முடிவில் ஒருவர் விடாமல் அனைவரும் மீட்படைவர் என்னும் கோட்பாட்டுக்கு ஆதாரமாக்கியோர் உண்டு. கால்வின் இதனைக் கடுமையாக மறுத்தார். யூதர், புறவினத்தார் என்னும் இரு சாராரையும் பற்றியே அடிகள் பேசுகிறார் என்றார். நமது நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கார்ல் பார்த் இவ்வசனத்திற்கு மிகப் பெரிய இடம் கொடுத்தார். எனினும் அனைவரும் மீட்படைவர் என்பதை ஒரு கோட்பாடாக நிலைநாட்ட அவரும் உடன்படவில்லை. அதனை நம்பிக்கையோடு எதிர்நோக்குவதைத் தடுக்கவும் இல்லை. இவ்வாதத்தில் நுழைய நாம் விரும்பவில்லை. அந்தத் தாயாரின் வினாவுக்கு அது விடையாகாது. அவர் மறுமையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டைப் பற்றிக் கேட்டார்.

அடிகள் இவ்வதிகாரத்தில் ஒலிவமர உவமையைக் கையாளுகிறார். நல்ல ஒலிவமரத்தின் கிளைகள் சில முறிக்கப்பட்டு, காட்டொலிவக் கிளை அதில் ஒட்டவைக்கப்பட்டது என்கிறார். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கொட்டையிலிருந்து முளைத்த சாதாரணக் கன்றின் வேர்மேல் கல்லாமை போன்ற நல்ல இனத்தின் குச்சியை வைத்துக் கட்டுவதுதான் வழக்கம். வேர் எதுவாயினும் கனி மேலே உள்ள குச்சியின் இனத்தைச் சார்ந்தே வரும். நல்ல மரத்தில் காட்டுக்குச்சியைக் கட்டினால் காட்டுக்காய்தான் காய்க்கும். எந்தத் தோட்டக்காரனும் அப்படிச் செய்யான். பவுல் நகரத்து மனிதராதலால் தோட்டவேலை அறியாமல் எழுதிவிட்டார் என்று எள்ளுவோர் உண்டு. ஆனால் 24-ஆம் வசனத்தில் இது சுபாவத்திற்கு மாறானது என்று அவரே ஒப்புக்கொள்ளுகிறார். அதுவே அவருடைய கருத்தின் உயிர்நாடி எனலாம். புறவினத்தார் சேர்க்கப்பட்டது அவர்களிடம் நல்ல இனத்தின் தன்மை இருந்ததால் அன்று. தோட்டக்கலைக்கே ஒவ்வாத செயலாக அது நடந்தது. ஆகவே ஒட்டப்பட்ட கிளை முறிக்கப்பட்ட கிளையைப் பார்த்துப் பெருமை பேச இடமில்லை என்று 18-ஆம் வசனம் எச்சரிக்கிறது.

இவ்வெச்சரிக்கையைத் தமிழ்நாட்டுத் திருச்சபை எவ்வாறு கேட்டது என்பதை இனிக் காண்போம். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தனர். 1835-இல் திண்டுக்கல்லில் பணி தொடங்கினர். 1845-இல் பசுமலையில் அவர்களுடைய குருமடம் நிலைபெற்றது. (அதே 1845-இல்தான் அவர்கள் கோடைக்கானல் மலையில் தங்களுக்கு முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறியதை நாம் குறை கூறவில்லை.) சபைக்குள் வந்தவர்கள் சாதியையும் உடன் கொண்டுவந்தனர். தனித்தனியே அமர்வது, தனித்தனியே உண்பது என்பவை பழைய லுத்தரன் சபைகளில் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டிருந்தன. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை அறவே நீங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தென்னாட்டுச் சபைகளில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரும் சாதி வழக்கங்களை விட்டுக்கொடுக்க இசையாதோர் பக்கமே நின்றவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் எல்லாச் சபைகளும், சுவருக்கு இப்பாலும் அப்பாலும், பாடுகின்றன என்பது சிந்தனைக்குரியது.

1847-இல் மதுரை மிஷன் சாதியைத் துறப்பதைச் சபை உறுப்பினருக்கு நிபந்தனையாக்கியது. வாயால் துறந்தேன் என்றால் போதாது. ஒன்றாக அமர்ந்து உண்டு அதனைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. உபதேசியார் பலர் விலகினர். பசுமலை மாணவர்களும் பெருந்தொகையாய் வெளியேறினர். அவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்லர். ரோமர் நிருபத்தைப் படித்தவர்கள்; சிலர் அதனைப் பிறருக்குக் கற்பித்தவர்கள். "அபெய்தெயா" என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமது வட்டாரத்தில் இல்லை. கேட்டனர், புரிந்துகொண்டனர், இணங்க மறுத்தனர். பின்னர் அவர்களிற் சிலர் திரும்பிவந்தபோது மிஷன் அவர்களை ஏற்றுக்கொண்டது. திரும்பிவந்தவர்கள் பந்தியில் அமர்ந்துதான் வந்தனர். இரக்கம் அவர்களுக்கு அடைக்கப்படவில்லை. அதே வேளையில் பந்தி அவர்களுக்காக மீண்டும் இரண்டாகப் பிரிக்கப்படவும் இல்லை. மிஷனரிமாரின் செயல்கள் யாவும் நமக்கு உவப்பானவை அல்ல. அதிகாரச் செருக்கு அவர்களிடமும் இருந்தது. ஆயினும் இந்த ஒரு காரியத்தில் இரக்கத்தையும் நீதியையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல் காத்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் யோனாவின் நூலை நினைக்காமல் இருக்கவியலாது. யோனா குறுகிய மனம் படைத்தவன் என்று ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறோம். ஆனால் நினிவே யாருடைய நகரம்? கி.மு. 722-இல் சமாரியாவை வீழ்த்தி வடநாட்டு மக்களைச் சிறைபிடித்துச் சென்ற அசீரியப் பேரரசின் தலைநகராகப் பின்னர் விளங்கிய நகரம் அது. நூலை முதன்முதல் கேட்ட யூதருக்கு நினிவே என்றால் கொடுமை என்றே பொருள். 4:2-இல் யோனா செய்யும் முறையீடு வியப்பானது. கடவுள் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்பதை அவன் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, குற்றச்சாட்டாகவே சொல்லுகிறான். பொற்கன்றுக்குட்டியை வணங்கிக் கீழ்ப்படியாமற்போன இஸ்ரயேலுக்கு யாத்திராகமம் 34:6-இல் கடவுள் தம்மை வெளிப்படுத்திய அதே சொற்கள்தாம் இவை. தன் முன்னோர் உயிர்பிழைத்தது அவ்விரக்கத்தினால். தான் மீனின் வயிற்றிலிருந்து வெளிவந்ததும் அவ்விரக்கத்தினால். அது எல்லை தாண்டிப் போகும்போதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

அந்தத் தாயாரை யோனாவோடு ஒப்பிடுவது எளிது, ஆனால் அநீதி. யோனா கடவுளிடமிருந்து ஓடியவன். அவரோ ஞாயிறுதோறும் வந்து, பின் வரிசையில் அமர்ந்து, வாசலில் நின்று வினவியவர். மேலும் நினிவேயின் கதையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 3:8-இல் அரசனுடைய கட்டளை இரட்டுடுத்துவதோடு முடியவில்லை. ஒவ்வொருவரும் தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்கிறது. கைகளில் உள்ள கொடுமை என்பது கவனிக்கத்தக்க சொல்லாட்சி. மனத்தில் வருந்திக்கொண்டே கையில் கேட்டின் சாவியை வைத்திருப்பது நினிவேயின் மனந்திரும்புதல் ஆகாது. சகேயுவின் வீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஆண்டவர் அவனை மரத்திலிருந்து அழைத்தபோது நிபந்தனை ஏதும் விதிக்கவில்லை. இரக்கம் முந்திக்கொண்டது. ஆனால் அது வீட்டுக்குள் நுழைந்த பின், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக அவனே எழுந்து நின்று கூறினான். ஏமாற்றப்பட்டவர்கள் பங்குபெறாத ஒரு மன்னிப்பை அவன் கேட்கவில்லை.

நமது நாட்டுப் பக்தி நெறிகளும் இவ்வினாவோடு நெடுங்காலம் மல்லாடியுள்ளன. திருவைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதையும், தென்கலையார் பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதையும் உவமையாக்கியது நமது குருமட மாணவர் அறிந்ததே. அத்துணை அறியப்படாத வேறோர் உவமையும் தென்கலையாரிடம் உண்டு. பசு, ஈன்ற கன்றின் உடலிலுள்ள அழுக்கை நாவால் நக்கி அகற்றுவதுபோல, இறைவன் அடியவனின் குற்றத்தை அருவருக்காமல் அன்போடு ஏற்கிறான் என்பர். வாற்சல்யம் என்னும் சொல்லே கன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் "ரகாமிம்" என்பது தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையதாயிருத்தல் இங்கு ஒப்பிடத்தக்கது. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் சொல்லியாக வேண்டும். கன்றின் அழுக்கு கன்றை மட்டுமே சார்ந்தது. வேறொரு கன்றை அது மிதித்து உண்டான புண் அன்று. குற்றம் இறைவனுக்கும் அடியவனுக்கும் இடையே மட்டும் நிகழ்வதாயின் அவ்வுவமை போதும். மூன்றாவது ஒருவர் புண்பட்டு நிற்கும்போது சிலுவையைத் தவிர்த்து நம்மால் இரக்கத்தைப் பேச முடிவதில்லை. அங்கே இரங்குகிறவரே புண்பட்டவராகவும் இருக்கிறார். நகர வாசலுக்குப் புறம்பே, பிறர் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டவர் அவர்.

போதகராகிய நாம் வலைக்கு வெளியே நின்று இதை எழுதவில்லை என்பதையும் கூற வேண்டும். நமது கையிலுள்ள தமிழ் வேதாகமத்தின் மொழிநடைக்குப் பெரிதும் கடன்பட்டது யாருக்கு? ஜெர்மனியில் 1711-இல் பிறந்து, 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னையில் நீண்ட காலம் உழைத்த பிலிப்பு பப்ரிசியுசுக்கு. அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது. முழங்காலில் நின்று மொழிபெயர்த்தவர் என்று அவரைப் போற்றுவது மரபு. அதே மனிதர் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து, அது திரும்பாமற்போக, முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1788-இல் பணிப்பொறுப்பு கெரிக்கேயிடம் சென்றது. 1791-இல் பப்ரிசியுசு மறைந்தார். பணத்தை இழந்த ஏழைகளுக்கு அது சிறு பிழையாய் இருந்திருக்காது. ரோமர் 11:32-ஐத் தமிழில் தீட்டிய கை கடன்பட்ட கை. இரக்கத்தைப் பற்றிய சொல் நமக்கு அவ்வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இனி 30, 31-ஆம் வசனங்களுக்குத் திரும்புவோம்; விடை அங்கே இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அடிகள் கூறும் ஒழுங்கு பின்வருமாறு. புறவினத்தார் ஒருகாலத்தில் கீழ்ப்படியாதிருந்தனர். யூதரின் கீழ்ப்படியாமையால் இவர்களுக்கு இரக்கம் கிட்டியது. இப்போது யூதர் கீழ்ப்படியாதிருக்கின்றனர். புறவினத்தார் பெற்ற இரக்கத்தின் வழியாக அவர்களுக்கும் இரக்கம் கிட்டும். இதில் ஒருவரும் இரக்கத்தைத் தனியே, நேராகப் பெறவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் வழியாகவே பெறுகின்றனர். அப்படியானால், மேலப்பக்கத்தார் இரக்கம் பெறுவது எவர் வழியாக? கீழப்பக்கத்தார் வழியாகவே. அந்தத் தாயாரை ஒதுக்கிவிட்டு, அவருடைய தலைக்கு மேலே, கடவுளிடமிருந்து நேரே தங்களுக்கு ஒரு பாவமன்னிப்பு இறங்கும் என்று அவர்கள் எண்ணுவதற்குப் பவுல் இடம் வைக்கவில்லை. "அதே இரக்கந்தானா?" என்று அவர் கேட்டார். ஆம், அதே இரக்கம்தான். அது அதே கேட்டின் வழியாகத்தான் வரும். கேட்டை மூடியவன் இரக்கம் உள்ளே வரும் வழியையே மூடினான். இதனைக் கீழப்பக்கத்தாரின் கடமையாக்கி, அவர்கள் முதலில் மன்னிக்கட்டும் என்று அறிவுரை கூற நமக்கு உரிமை இல்லை. சாவி அவர்கள் கையில் இல்லை.

உயிர்த்தெழுந்த திருநாளுக்குப் பின் மீண்டும் அச்சபைக்குச் சென்றிருந்தோம். இவ்விளக்கத்தைச் சுருக்கமாக அந்தத் தாயாரிடம் கூறினோம். சற்று நேரம் கேட்டுவிட்டு, "சரிங்கய்யா, கேட்டு எப்பத் தொறப்பாங்க?" என்றார். அதற்கு அடுத்த வாரம் சேகர மூப்பர் குழு கூடியது. கல்லறைத் தோட்டச் சுவர் பற்றிய பொருள் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருந்தது. ஆலயத்துக்கு வெள்ளையடிக்கும் கூலி, அறுப்பின் பண்டிகை ஏலக்கணக்கு ஆகியவற்றைப் பேசி ஆறாவது பொருளோடு நேரமாயிற்று என்று கூட்டம் முடிந்தது. நாமும் ஜெபித்து முடித்து எழுந்துவிட்டோம். அடுத்த கூட்டத்திற்கான நிரலை எழுதும் பொறுப்பு நம்மிடம் உள்ளது. அதில் அப்பொருளை முதலாவதாக எழுதியிருக்கிறோம்.